தாழ்த்தக் கற்ற கை: உலங்கு வானூர்தியின் சுழல்வேகம் பற்றிய சில சிந்தனைகள்

வானிற் பறத்தல் மனித குலத்தின் பழைய ஆசைகளுள் ஒன்று. அவ்வாசை நிறைவேறிய பின்னரும், பறக்கும் பொருளை வானில் ஓரிடத்தில் அசையாது நிறுத்திவைக்க வேண்டும் என்னும் ஆசை நெடுநாள் நிறைவேறாதிருந்தது. அதனை நிறைவேற்றிவைத்த ஊர்தியே ஹெலிகொப்டர் எனப் பலராலும் வழங்கப்படும் உலங்கு வானூர்தி. நிலத்தில் நின்று அதனை அண்ணாந்து பார்ப்போர் அதன் இரைச்சலையும் அது கிளப்பும் புழுதியையும் காண்பர். உள்ளே அமர்ந்து அதனைச் செலுத்தப் பழகும் பயிலுநனோ தன் இடக்கையில் உள்ள ஒரு கைப்பிடியையும், கண்முன்னே உள்ள கருவிப் பலகையில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு முள்ளையுமே பெரிதாகக் காண்கிறான். கைப்பிடி, பொறிக்குச் செல்லும் எரிகலவையைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது; துரொட்டில் எனப்படுவது. முள், தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளின் வேகத்தைக் காட்டுவது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவினை அறிவால் விளங்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். கைக்கு அதனைப் பழக்குவதற்கோ பல மணிநேரப் பறப்பு வேண்டும். அப்பழக்கம் கைகூடாமையால் உயிரிழந்தோர் பலர்.

சுழலும் இறக்கை என்னும் எண்ணம் எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் நோக்குதல் பயனுடையது. ஸ்பானிய நாட்டவரான ஹுவான் டி லா சியெர்வா 1919 ஆம் ஆண்டில் மூன்று பொறிகள் பூட்டிய பெரிய விமானம் ஒன்றை அமைத்தார். சோதனைப் பறப்பின்போது அது நிலத்துக்கு அண்மையில் வேகங் குறைந்து, தூக்குவிசையை இழந்து, வீழ்ந்து நொறுங்கியது. விமானம் முன்னோக்கி விரையும் வரையிலேயே அதன் இறக்கைகளாற் காற்றிற் பயன்கொள்ள இயலும். அவ்வாறாயின், விமானம் விரைந்தாலும் விரையாவிடினும் இறக்கைகள் மட்டும் இடைவிடாது சுழன்றுகொண்டிருக்குமாறு செய்தால் என்ன என்று சியெர்வா சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 1923 ஆம் ஆண்டு அவரது ஓட்டோஜைரோ ஸ்பானிய மண்ணிற் பறந்தது. 1939 ஆம் ஆண்டில் ஈகோர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் மேலெழச் செய்த வீ.எஸ். 300 என்னும் ஊர்தியும், அதன் பின்வந்த உலங்கு வானூர்திகளும் அவ்வெண்ணத்தின் வளர்ச்சியே எனலாம்.

வேகங் குறைந்து வீழ்தல் என்னும் இடரை வெல்லவே சுழலும் இறக்கை பிறந்தது. எனினும் அவ்வெற்றி முழுமையானதன்று. முன்னர் விமானம் முழுவதற்கும் இருந்த நிபந்தனை இப்போது தலைக்கு மேலுள்ள இறக்கைகளுக்கு மாற்றப்பட்டது. ஊர்தி அசையாது நிற்கலாம், பின்னோக்கியும் செல்லலாம், ஆனால் இறக்கைகளின் சுழற்சி ஓர் எல்லைக்குக் கீழே தாழுமாயின், சியெர்வாவின் பழைய விமானத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். அமெரிக்காவில் பிராங் றொபின்சன் என்னும் பொறியியலாளர் 1973 ஆம் ஆண்டில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அமைத்த ஆர் 22 என்னும் சிற்றூர்தி 1975 இல் முதன்முதலாகப் பறந்தது. 1979 இல் அரச அங்கீகாரம் பெற்றது. இருவர் மட்டுமே அமரத்தக்க இவ்வூர்தியே உலகின் பல பயிற்சிக் கூடங்களிற் பயிலுநரின் முதல் ஊர்தியாக விளங்கி வந்துள்ளது. அதன் இரு இறக்கைகளும் நிமிடத்துக்கு 510 தடவை சுழலும்போது கருவியில் உள்ள முள் 100 சதவீதத்தைக் காட்டும். அப்போது இறக்கையின் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 205 மீற்றர் வேகத்திற் காற்றை வெட்டிச் செல்கிறது. இறக்கை தரும் தூக்குவிசை இந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏனையவை மாறாதிருக்க, வேகம் பத்தில் ஒரு பங்கு குறையுமாயின் தூக்குவிசை பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைவதில்லை. 100 ஆக இருந்தது 81 ஆகிவிடுகிறது. அதுமட்டுமன்று. பொறியும் இறக்கையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளமையால் இறக்கை தளரும்போது பொறியும் தளர்கிறது. பொறி தரக்கூடிய வலுவும் அதே அளவிற் குறைகிறது. தேவை மிகும் வேளையில் வரவு சுருங்கும் குடும்பத்தின் நிலை இதுவாகும்.

இனி, பயிலுநனின் கைக்கு வருவோம். அவனது இருக்கையின் இடப்புறத்தில் ஒரு நெம்புகோல் உள்ளது. அதனை உயர்த்தினால் இரு இறக்கைகளும் ஒருங்கே கூடுதலாகச் சரிந்து காற்றைக் கூடுதலாகப் பற்றும், ஊர்தி மேலெழும். தாழ்த்தினால் இறக்கைகளின் சரிவு குறைய, ஊர்தி இறங்கும். அந்நெம்புகோலின் நுனியிலேயே, மோட்டார் சைக்கிளில் உள்ளது போல, முறுக்கித் திருப்பும் துரொட்டிற் பிடி அமைந்துள்ளது. நெம்புகோலை உயர்த்தும்போது காற்றின் இழுவையும் கூடுதலால் இறக்கைகளின் வேகம் குறைய முற்படும். அதனைத் தடுக்கத் துரொட்டிலைத் திறக்கவேண்டும். தாழ்த்தும்போது இழுவை குறைந்து வேகம் மிக முற்படும். அப்போது துரொட்டிலை மூடவேண்டும். பொறியின் வலு மாறும்போதெல்லாம் ஊர்தியின் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். அதனைக் கால் மிதிகளால் நேராக்கவேண்டும். மிதியை அழுத்தினால் வாற்சுழலி உண்ணும் வலுவும் மாறும். அதற்கேற்ப மீண்டும் துரொட்டிலைத் திருத்தவேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற அனைத்தும் அசையும் இந்நிலையே பயிலுநனை முதலிற் திகைக்கவைப்பது.

நெம்புகோலுக்கும் துரொட்டிலுக்கும் இடையே ஓர் இணைப்பினை அமைத்து, ஒன்று உயரும்போது மற்றதும் ஓரளவு தானே திறக்குமாறு பொறியியலாளர் செய்துள்ளனர். ஆயினும் அவ்விணைப்பு எல்லா நிலைகளிலும் ஒரே அளவாகப் பொருந்துவதில்லை. எஞ்சிய நுண்ணிய திருத்தங்களைக் கையே செய்யவேண்டும். தொடக்கத்திற் பயிலுநன் முள்ளைப் பார்த்துத் துரொட்டிலைத் திருப்புகிறான். முள் சற்றுத் தாழ்ந்திருக்கக் காண்கிறான், திறக்கிறான். முள் உடனே எழுவதில்லை. ஆகவே மேலும் திறக்கிறான். இரண்டு திருத்தங்களின் பயனும் ஒருங்கே வந்து சேர, முள் எல்லையைக் கடந்து மேலேறுகிறது. அஞ்சி மூடுகிறான், இப்போது முள் வேண்டியதற்குக் கீழே இறங்குகிறது. இவ்வாறு முள்ளைத் துரத்தி அலையும் காலம் ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. சிறிது காலம் சென்றபின் அவன் முள்ளைவிடப் பொறியின் ஒலியையே மிகுதியாக நம்பத் தொடங்குகிறான். ஒலியின் சுருதி இறங்கும்போது, காரணத்தை மனம் உணருமுன்னரே கை சிறிது திருப்பிவிடுகிறது. துரொட்டிலை விரலிடையே மெல்லப் பற்றி, சிறு அளவிற் திருத்தி, பயனைக் கண்டபின் அடுத்ததைச் செய்தல் என்பதே ஆசிரியர்கள் இடைவிடாது கூறும் அறிவுரை.

இதுவரை கூறியவை திறமை பற்றியன. உயிருக்கு இறுதியாவது இதற்கு அடுத்த நிலையே. நிலத்திலிருந்து சிறிது உயரத்தில், பாரம் மிகுந்த நிலையில், ஒரு பயிலுநன் ஊர்தியை நிறுத்திவைத்திருக்கிறான் என்று கொள்வோம். ஏதோ ஒரு காரணத்தால் இறக்கைகளின் வேகம் சற்றுக் குறைகிறது. ஊர்தி கீழே அமிழத் தொடங்குகிறது. நெம்புகோலை உயர்த்தினால் ஊர்தி உயரும் என்பதே அவன் அதுவரை கற்றது. ஆகவே கை தானாகவே அதனை உயர்த்துகிறது. ஊர்தியும் ஒரு கணம் கீழ்ப்படிவது போலத் தோன்றும். ஆனால் சரிவு கூடிய இறக்கைகள் மேலும் இழுவைக்கு ஆளாகி, மேலும் வேகம் இழக்கின்றன. ஊர்தி முன்னிலும் விரைவாக அமிழ்கிறது. கை மேலும் உயர்த்துகிறது. அச்சமும் அச்சத்தின் பயனும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்த வட்டம் சில செக்கன்களில் முடிந்துவிடும். இறக்கைகளைக் காற்று சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைக் கடந்ததும் காற்று அவற்றின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லாது பிரிந்து குலைகிறது. தூக்குவிசை அறவே அழிகிறது. அதன்பின் ஊர்தி விழும்போது கீழிருந்து எழும் காற்று அக்கோணத்தை மேலும் பெருக்குவதால், நெம்புகோலை முற்றாகத் தாழ்த்தினாலும் மீட்சி இல்லை என்றே கொள்ளவேண்டும். ஆர் 22 ஊர்தியைப் பொறுத்தவரை, கடல் மட்டத்தில் 80 சதவீதமும், அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் மேலும் ஒரு சதவீதமும் இந்த எல்லையாகும் என அதனை ஆக்கிய நிறுவனம் விமானிகளுக்கு அறிவித்துள்ளது.

இதிலிருந்து தப்பும் வழி மிக எளிது. ஆனால் இயல்புக்கு முற்றிலும் மாறானது. எச்சரிக்கை ஒலி எழுந்தவுடன் துரொட்டிலைத் திறப்பதோடு நெம்புகோலையும் ஒருங்கே தாழ்த்தவேண்டும். விழுந்துகொண்டிருப்பவன் மேலும் இறங்குவதற்கு உடன்படவேண்டும். இறக்கைகளின் சரிவு குறைந்ததும் அவற்றின் பாரம் குறைகிறது, பொறி மூச்சு விடுகிறது, வேகம் மீள்கிறது. வேகம் மீண்ட பின்னர் உயரத்தை மீளப் பெறலாம். நிலத்துக்கு மிக அருகில் இருக்கும்போது நெம்புகோலைச் சற்றே தாழ்த்திச் சற்றே உயர்த்தி, அடிக்கு அடி வேகத்தை மீட்கும் முறையொன்றும் உண்டு. விமானிகள் அதனைப் பால் கறத்தலுக்கு ஒப்பிட்டு வழங்குவர். ஒரேயடியாகப் பிடித்திழுப்பவனுக்குப் பசு பால் தருவதில்லை என்பதை அறிந்தோருக்கு இவ்வொப்புமையின் பொருத்தம் நன்கு விளங்கும்.

நீச்சல் அறியாதவன் ஆழத்தில் அகப்பட்டால் கைகளை மேலே உயர்த்துகிறான். நீருக்கு வெளியே எழுந்த கைகளின் பாரமே அவனை அமிழ்த்துகிறது. நீந்தத் தெரிந்தவனோ தலையைப் பின்னே சாய்த்து நீருக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். நீர் அவனைத் தாங்குகிறது. உலங்கு வானூர்தியின் பாடமும் அதுவே. இந்நிலையில், காரணத்தை ஆராய்ந்து பின் செயற்படுதல் என்னும் கல்வியுலகின் ஒழுங்கு இங்கே தலைகீழாகிறது. முதலில் தாழ்த்து, வேகத்தை மீட்டுக்கொள், பின்னர் என்ன நேர்ந்தது என்று ஆராய் என்பதே இங்குள்ள விதி. சிந்தனைக்கு நேரம் வேண்டுமாயின், அந்நேரத்தைக் கையே ஈட்டித் தரவேண்டும். எனவே இவ்வறிவு மூளையிற் தங்கினாற் போதாது, தசையில் ஊறவேண்டும்.

பழைய பயிற்சி முறைகள் இவ்வூறலையே குறியாகக் கொண்டிருந்தன. பொதுமக்கட் பயன்பாட்டுக்கென 1946 ஆம் ஆண்டில் முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற பெல் 47 என்னும் உலங்கு வானூர்தியில் விமானியின் கையே துரொட்டிலை ஆண்டது. வியற்நாம் போர்க் காலத்தில், அமெரிக்க இராணுவத்துக்கெனப் பல்லாயிரம் இளைஞர்கள் டெக்சஸ் மாநிலத்தின் போர்ட் வோல்ற்றேஸ் பயிற்சித் தளத்தில், சிறிய ஊர்திகளில் இவ்வாறே கைத் துரொட்டிலுடன் போராடிக் கற்றனர். ஆயினும் பெல் 47 இல் ஓர் அநுகூலம் இருந்தது. அதன் இறக்கைகள் பாரமானவை. ஆகவே சடத்துவம் மிக்கவை. பொறி சற்றுத் தளர்ந்தாலும் அவை உடனே வேகம் இழப்பதில்லை. பிழை செய்தவனுக்குத் திருந்த ஒரு கணம் கிடைத்தது. ஆர் 22 இன் இறக்கைகளோ இலேசானவை. அவை விரைவில் வேகம் பெறும். அதேபோல விரைவில் இழக்கவும் செய்யும். தனியார் ஒருவர் குறைந்த செலவில் வாங்கிப் பறப்பதற்கென ஆக்கப்பட்ட ஊர்தி, மலிவு என்னும் காரணத்தாற் பயிற்சிக் கூடங்களுக்குள் நுழைந்தபோது, மன்னிக்கும் இயல்பு மிகக் குறைந்த ஊர்தி அநுபவம் மிகக் குறைந்தவர் கையிற் சேர்ந்தது.

விளைவு துயரமானது. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் ஆர் 22 ஊர்திகள் வானிலேயே சிதைந்து வீழ்ந்த விபத்துகள் நிகழ்ந்தன. இறக்கைகள் கட்டுப்பாட்டை இழந்து ஊர்தியின் உடலையே வெட்டிய சம்பவங்களும் அவற்றுள் அடங்கும். ஆனால் இவையனைத்துக்கும் வேகக் குறைவு ஒன்றே காரணம் என்று கூறுதல் உண்மைக்குப் புறம்பாகும். 1992 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கலிபோர்னியா மாநிலத்தில் றிச்மண்ட் நகருக்கு அண்மையில் ஒரு பயிற்சிப் பறப்பு இவ்வாறு முடிந்தது. பாடத்தைப் பின்னர் கேட்டுப் படிப்பதற்காக ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்த நாடா கண்டெடுக்கப்பட்டது. இறுதிக் கணம் வரை ஊர்தியின் ஒலியில் வேகக் குறைவுக்கான அடையாளம் இருக்கவில்லை. கட்டுப்பாடுகளைச் சடுதியாகவும் பெரிதாகவும் அசைத்தலும் இத்தகைய அழிவுக்கு வழிவகுக்கலாம் என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1996 இல் வெளியிட்ட சிறப்பறிக்கை சுட்டியது. பதற்றத்தில் இழுக்கும் கையே, வேறொரு வடிவில், அங்கும் நினைவுக்கு வருகிறது.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1995 இலேயே அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகம் இவ்வூர்தியினருக்கெனத் தனி விதியொன்றை விதித்தது. சுழல்வேகக் குறைவு, இறக்கை தூக்குவிசை இழத்தல் முதலியன பற்றிய விழிப்புணர்வுப் பயிற்சி அனைவருக்கும் கட்டாயமாயிற்று. தொடக்கப் பயிலுநன் தனியே பறப்பதற்கு முன்னர் ஆசிரியருடன் 20 மணிநேரம் அதே ஊர்தியிற் பறந்திருக்கவேண்டும் எனவும் வரையறுக்கப்பட்டது. அத்துடன் 1990களின் நடுப்பகுதியிற் கவர்னர் எனப்படும் வேகங்காக்கும் கருவியும் ஆர் 22 ஊர்திகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. நீராவிப் பொறியின் வேகத்தைச் சீராக வைத்திருப்பதற்கென ஜேம்ஸ் வாற் 1788 ஆம் ஆண்டிற் பயன்படுத்திய சுழல் குண்டுகளின் வழித்தோன்றலாக இக்கருவியைக் கருதலாம். பொறியின் வேகம் சற்று மாறியதும் ஒரு சிறு மின்மோட்டார் துரொட்டிலைத் தானே திருப்பித் திருத்துகிறது. பயிலுநனின் கைக்குள்ளேயே கைப்பிடி மெல்ல அசைவதை அவன் உணரலாம். முள்ளைத் துரத்தும் துன்பம் பெருமளவில் நீங்கிற்று, விபத்துகளும் குறைந்தன. கருவியால் விளைந்த நன்மையை மறுத்தல் நன்றி மறத்தலாகும்.

எனினும் கருவி காக்கும் எல்லை எதுவரை என்பதை அறிதல் வேண்டும். முதலாவதாக, துரொட்டில் முற்றாகத் திறந்துவிட்டபின் கவர்னரால் மேலும் திறக்க இயலாது. வெப்பம் மிகுந்த நாளில், உயர்ந்த மலைப்பகுதியில், பாரத்துடன் நெம்புகோலை உயர்த்திக்கொண்டே போகும் விமானியை அக்கருவி காக்கமாட்டாது. இரண்டாவதாக, அச்சமுற்றவன் கைப்பிடியை இறுகப் பற்றுவானாயின் கருவியின் மெல்லிய விசை அவன் பிடியை வெல்லாது. வேண்டும்போது விமானியின் கை கருவியை மீறவேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. அதே அமைப்பினால், இறுகிய கை தன்னைக் காக்க வந்த கருவியையே செயலிழக்கச் செய்கிறது. மூன்றாவதாக, காபரேற்றரில் ஈரம் உறைந்து பனி படியும்போது பொறி மெல்லத் தளரும். முன்னாளில் முள் தாழ்ந்து அதனை அறிவித்தது. இப்போது கவர்னர் ஒன்றும் சொல்லாது துரொட்டிலைத் திறந்து குறையை மறைத்துக்கொண்டே இருக்கும். திறப்பதற்கு இடமில்லாத நிலை வரும்போதுதான் உண்மை வெளிப்படும். குறைகளைக் கூறாது மறைத்துத் தானே சரிக்கட்டும் ஏவலாளன் நல்லவனே. ஆயினும் தலைவன் கணக்கைப் பாராதிருந்தால் வீடு ஒரு நாளிற் கவிழும்.

அப்படியாயின், பயிலுநர் பழைய முறையிலேயே கருவியின்றிக் கற்கவேண்டும் என வாதிடலாமா? அவ்வாறு வாதிடுவோர் உளர். அன்று கற்றவர் கைத்திறனிற் சிறந்தவர் என்பது அவர் கூற்று. ஆனால் அன்று கற்கத் தொடங்கி இடையில் இறந்தவர் எந்த வாதத்திலும் கலந்துகொள்வதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆர் 22 ஊர்திக்கான செலுத்துகை விதிகள் இரு தரப்புக்கும் இடைப்பட்ட வழியொன்றைக் காட்டுகின்றன. கவர்னரை நிறுத்திப் பறத்தல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் கருவி பழுதுறும்போதும், அத்தகைய இடர்களுக்கான பயிற்சியின்போதும் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஆசிரியர் அருகிலிருக்க, பயிலுநன் சில வேளை கருவியின் துணையின்றித் தன் கையாலேயே வேகத்தைக் காத்துப் பழகுகிறான். கருவியைப் பகையாக எண்ணாமலும், அதனிடம் தன்னை முற்றாக ஒப்படைக்காமலும் வாழப் பழக்கும் இவ்வழியே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. பொறி நின்றுபோன ஊர்தியிற் கவர்னருக்கு வேலையில்லை. அது திறப்பதற்குரிய பொறியே இல்லை. அப்போது எஞ்சுவது இறக்கைகளும் ஒரு கையும் மட்டுமே. ஆர் 22 போன்ற ஊர்தியில் ஓரிரு செக்கன்களுக்குள் நெம்புகோலைத் தாழ்த்தியாகவேண்டும். தாழ்த்தினால், கீழிருந்து மேலெழும் காற்றே இறக்கைகளைச் சுழற்றும். முள்ளை 90 சதவீதத்துக்கும் 110 சதவீதத்துக்கும் இடையே வைத்தபடி விமானி சறுக்கி இறங்குகிறான். வேகம் மிகுமாயின் நெம்புகோலைச் சற்று உயர்த்துகிறான்; குறையுமாயின் தாழ்த்துகிறான். நிலம் நெருங்கியதும் ஊர்தியின் மூக்கை உயர்த்தி வேகத்தைத் தணித்து, இறுதிக் கணத்தில் மட்டும் நெம்புகோலை உயர்த்துகிறான். இறக்கைகளிற் சேமிக்கப்பட்டிருந்த வேகம் அனைத்தும் அந்த ஒரு கணத்திற் செலவாகி ஊர்தியை மெல்ல நிலத்தில் இருத்துகிறது. அச்சேமிப்பை ஒரு முறைதான் செலவிடலாம். முன்னரே அச்சத்தில் இழுத்துச் செலவிட்டவனுக்கு அந்நேரத்திற் கையில் எதுவும் மிஞ்சியிராது.

தொகுத்து நோக்குமிடத்து, துரொட்டிலையும் சுழல்வேகத்தையும் பற்றிய கல்வி பொறியியல் நுட்பத்தோடு முடிந்துவிடுவதன்று எனலாம். உயரத்தைவிட வேகம் பெரிது. வேகம் உள்ளவரை இழந்த உயரத்தை மீட்கலாம். வேகம் போனபின் எஞ்சியுள்ள உயரம் விழுவதற்கான தூரமாகவே அமையும். இவ்வுண்மையைப் பயிலுநன் முதல் நாளிலேயே கேட்கிறான், ஏட்டிலும் எழுதிக்கொள்கிறான். ஆனால் எச்சரிக்கை ஒலி முதன்முறையாகக் காதில் விழும் நாளில் அவன் கை எத்திசையில் அசைகிறது என்பதைக் கொண்டே அவன் கற்றானா என்பதை ஆசிரியர் அறிவார். அருகிலிருந்து தன் கையை மெல்ல அவன் கைமேல் வைத்துத் தாழ்த்திக் காட்டும் அந்த ஆசிரியர் ஒரு நாள் ஊர்தியை விட்டு இறங்கிக் கதவைச் சாத்திவிடுகிறார். பயிலுநன் முதன்முறையாகத் தனியே மேலெழுகிறான். அதன்பின் தாழ்த்தவேண்டிய கை அவனுடையது மட்டுமே.